கண்காட்சிக்கு எந்தச் சோதனை: பாசியா, கீரையா, அயோடினா?

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சிப் பேச்சு தொடங்கிவிடும். வருடா வருடம் ஏதாவது ஒரு குழு ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொண்டு வரும். "மிஸ், செடிய வச்சு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக நான் சொன்ன பதில் ஒன்றுதான்: ஊருணிப் பாசி (ஹைட்ரில்லா என்ற தண்ணீர்ச் செடி), பீக்கர், புனல், சோதனைக் குழாய். புத்தகத்தில் படம் இருக்கிறது, செலவு இல்லை, பாசி விடும் ஆக்சிஜன் குமிழியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது அந்தப் பதிலை மாற்றிக்கொண்டுவிட்டேன். ஏன் மாற்றினேன், எதை எதற்கு எடுக்கலாம் என்பதை ஆசிரியர்களுக்கும், பிள்ளையோடு உட்கார்ந்து செய்யப்போகும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் பாசிச் சோதனையை எடுத்தார்கள். பள்ளிக்கு அடுத்த தெருவில் ஓர் ஆச்சியின் வீடு. பெரிய வீடு, இருப்பது அவர் ஒருவர்தான். சனிக்கிழமைகளில் வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த பகுதியை, பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவார். அங்கே ஒரு பீக்கரை முற்றத்து வெயிலில் வைத்தார்கள், ஒன்றை வளவுத் தூணுக்குப் பின்னால் நிழலில் வைத்தார்கள், ஒன்றை உள் அறையில் இருட்டில் வைத்தார்கள். நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணினார்கள். வெயிலில் நிறைய, நிழலில் கொஞ்சம், இருட்டில் ஒன்றுமே இல்லை. அழகான பட்டை வரைபடம் போட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். நடுவராக வந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெயிலில் இருந்த தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் வெப்பமானி வைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அதே முற்றத்தில், பாசியே போடாமல், வெறும் தண்ணீரும் புனலும் மட்டும் வைத்து ஒரு பீக்கரை வெயிலில் விட்டேன். அரை மணி நேரத்தில் கண்ணாடிச் சுவரின் உட்புறமெல்லாம் கடுகில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புனலின் விளிம்பில் வரிசையாக ஒரு மாலை மாதிரி. லேசாகத் தட்டினால் நான்கைந்து சேர்ந்து மேலே ஓடின. வெப்பமானி 39 டிகிரி காட்டியது, நிழலில் இருந்த தண்ணீர் 31. செடி இல்லாத தண்ணீரில் அவ்வளவு குமிழி! தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் காற்று வெளியேறிவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரை, 40 டிகிரியில் ஆறரைக்குப் பக்கம். அந்த வித்தியாசம்தான் குமிழியாக வந்தது. அப்படியானால் பிள்ளைகள் எண்ணியதில் எத்தனை பாசியுடையது, எத்தனை வெறும் சூட்டுடையது? சொல்ல வழியில்லை. பாசி வேலை செய்ததா இல்லையா என்றால், செய்தது. ஆனால் எவ்வளவு செய்தது என்று அந்த வரைபடம் சொன்னது நம்பத்தக்கதல்ல. அது பிள்ளைகள் குற்றமில்லை, நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டது.

இதில் எனக்குப் பெரிதாக உறைத்தது இன்னொன்று. 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் தண்ணீருக்குள் பச்சை இலைகளை வைத்துக் குமிழியைப் பார்த்தபோது, முதலில் பிரித்துக் காட்டியதே இதைத்தான்: இது சூரியனின் வெளிச்சத்தால் வருகிறது, சூட்டால் அல்ல. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் நாம் அந்த இரண்டையும் ஒன்றாகவே முற்றத்தில் வைத்துவிட்டு வெளிச்சம் என்று பெயர் எழுதுகிறோம்.

எதை மாற்றுகிறோம், எதை எண்ணுகிறோம்

சோதனையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதனால் மாறுவது, நாம் அளப்பது, சார்ந்த மாறி. மற்றதெல்லாம் எல்லாக் கோப்பையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் இரண்டு வரியை எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். மூன்றாவது வரியில்தான் பேனா நிற்கும். இலையின் வயது, இலையின் பரப்பு, தண்ணீரின் சூடு, தண்ணீர் எங்கிருந்து வந்தது, கோப்பையின் நிறம், எத்தனை மணிக்கு வைத்தோம் என்று குறைந்தது பத்து விஷயமாவது எழுத வேண்டும். என்னைக் கேட்டால் சோதனையின் தரம் அந்த மூன்றாவது வரியின் நீளத்தில்தான் இருக்கிறது.

ஒளிச்சேர்க்கையைக் கூட்டிக் குறைப்பவை என்று பாடத்தில் வருபவை வெளிச்சத்தின் அளவு, அதன் நிறம், கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை, தண்ணீர், பச்சையம். இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அளவு செல்வாக்கு செலுத்துவதில்லை. 1905-ல் பிளாக்மேன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் சொன்ன கட்டுப்படுத்தும் காரணிகள் விதி இதைத்தான் சொல்கிறது: எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட பத்துப் பேர், சோறு வைக்க எட்டுப் பேர், சாம்பார் வாளி மட்டும் ஒன்று. இன்னும் ஐந்து பேரை இலை போட விட்டால் பந்தி வேகமாக நகருமா? வாளியைக் கூட்டினால்தான் நகரும். வாளி போதுமான அளவு வந்த பிறகு, அடுத்து எது குறைவோ அது இழுத்துப் பிடிக்கும்.

நம் வெயிலில் இலைக்கு வெளிச்சம் குறைவதே இல்லை. நடுப்பகல் முற்றத்தில் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இறங்குகிறது, வீட்டுக்குள் விளக்கு போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான். கீரை போன்ற செடிகளின் இலைக்கு முழு வெயிலில் பாதியோ அதற்கும் குறைவோ போதும், அதற்கு மேல் வெளிச்சம் கூடினாலும் வேகம் கூடாது. அதனால் "முழு வெயில், பாதி வெயில்" என்று இரண்டு கோப்பை வைத்து இரண்டும் ஒரே மாதிரி வந்தால், சோதனை தோற்றுவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது தோல்வியில்லை. வாளி வேறெங்கோ இருக்கிறது என்று இலை சொல்கிறது.

நான்கு வழிகள்

அயோடின் சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. செடியை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைத்து இலையில் இருக்கும் ஸ்டார்ச்சைக் காலிசெய்து, கறுப்புத் தாளால் பாதியை மூடி, வெயில் காட்டி, இலையை வேகவைத்து, ஸ்பிரிட்டில் பச்சையத்தைக் கரைத்து, அயோடின் விட்டால் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும். 1860-களில் ஜூலியஸ் சாக்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் காட்டியது. ஏழாம் எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்லது இல்லை. வெள்ளையும் பச்சையும் கலந்த குரோட்டன்ஸ் இலையில் செய்தால் பச்சையம் எவ்வளவு முக்கியம் என்பதை இலையே படமாகப் போட்டுக் காட்டும். ஆனால் இது ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் சொல்லாது. மாறிகளை அளக்கப்போகிறோம் என்றால் இது போதாது. அப்புறம் ஸ்பிரிட்டை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அந்த வெந்நீருக்குள் ஸ்பிரிட் குழாயை நிறுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்ய விடாதீர்கள்.

பாசிச் சோதனைக்கு வருகிறேன். ஹைட்ரில்லாவை நான் வெறுக்கவில்லை, அதைப் பார்ப்பதில் இன்றும் எனக்கு ஆசை உண்டு. வெட்டிய தண்டின் நுனியை மேல்பக்கமாக வைத்தால் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி மேலேறும். ஜகதீஷ் சந்திர போஸ் ஒளிச்சேர்க்கையைப் பற்றிய தம் ஆய்வுகளை இந்தச் செடியை வைத்தே செய்து 1924-ல் புத்தகமாக வெளியிட்டார். அளக்க வரும்போதுதான் சிக்கல். குமிழி எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை, இரண்டு சின்னக் குமிழியும் ஒரு பெரிய குமிழியும் ஒன்றாகிவிடுமா? வெளியாகும் ஆக்சிஜனில் ஒரு பங்கு குமிழியாகாமல் தண்ணீரிலேயே கரைந்துபோகிறது. குமிழிக்குள் இருப்பதும் சுத்தமான ஆக்சிஜன் அல்ல. வில்மாட் குமிழி என்ற கருவியில் தண்டைக் குறுகலான குழாய்க்குள் செருகிவிடுவதால் குமிழி கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும், பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் அது இருந்தால் பாசியையே எடுக்கலாம்.

ஹைட்ரில்லாவிடம் இன்னொரு குணமும் உண்டு, நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கோடையில் ஊருணித் தண்ணீர் சூடேறி, பாசி அடர்ந்து, கரைந்த கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும்போது, இந்தச் செடி தன் வேலை முறையையே மாற்றிக்கொள்கிறது. கரும்பும் சோளமும் கார்பனைச் சேர்த்துப் பிடிக்கும் சி4 வழிக்குத் தாவிவிடும். அதுவும் கரும்பு மாதிரி இரண்டு வகைச் செல்களில் அல்லாமல், ஒரே செல்லுக்குள்ளேயே. கோடைப் பாசியும் குளிர்காலப் பாசியும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை என்பதைப் போஸே கவனித்திருக்கிறார், அதன் காரணம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. ஆகவே சித்திரையில் எடுத்த அளவையும் மார்கழியில் எடுத்த அளவையும் ஒரே வரைபடத்தில் போட்டால், நமக்குத் தெரியாமலே இரண்டு வேறு செடிகளை ஒப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

ஆக்சிஜன் மின்முனையை வைத்துத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நேராக அளப்பது மூன்றாவது வழி. எல்லாவற்றிலும் துல்லியமானது இதுதான். காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இதில் தனி நெருக்கம் வரும், ஏனென்றால் 1953 முதல் இங்கே இயங்கும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கையாளும் அதே மின்வேதியியல்தான் அந்த மின்முனைக்குள்ளும் நடக்கிறது. ஆனால் விலை அதிகம், பள்ளியில் யாரிடமும் இருக்காது. கல்லூரி மாணவர்களுக்கு விட்டுவிடலாம்.

நான்காவது கீரை வில்லை. இப்போது என் பதில் இதுதான்.

கீரை வில்லையும் ஆப்ப சோடாவும்

பாலக் கீரையில் முற்றாத, பிஞ்சுமில்லாத இலையாக எடுத்து, நரம்பை விட்டுவிட்டு, தாளில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் வட்டம் வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும். பத்து வில்லைகளை ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் போட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை உறிஞ்சி, முனையை விரலால் அடைத்து, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பத்து நொடி பிடித்துவிட்டு விட வேண்டும். இழுக்கும்போது இலைக்குள் இருக்கும் காற்று நுண்குமிழிகளாக வெளியே வருவதைப் பார்க்கலாம். விட்டதும் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, இளம்பச்சையாக இருந்த வில்லை கண்ணெதிரே கரும்பச்சையாகி, சாய்ந்து சாய்ந்து கீழே இறங்கும். இரண்டு மூன்று முறை செய்தால் பத்தும் அடியில் போய்ப் படுத்துவிடும். அடம்பிடிக்கும் இலைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி கலந்தால் போதும். இரண்டு துளி வேண்டாம், நுரை கட்டிவிடும்.

இப்போது வில்லைகளைக் கண்ணாடிக் கோப்பையில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால், இலைக்குள் உண்டாகும் ஆக்சிஜன் மறுபடி அந்த இடைவெளிகளை நிரப்பும். போதுமான அளவு சேர்ந்ததும் வில்லை அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்பும். நிமிடத்துக்கு ஒருமுறை மேலே மிதப்பவை எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான். குமிழியின் அளவைப் பற்றிச் சண்டை இல்லை. வில்லை மேலே இருக்கிறது அல்லது கீழே இருக்கிறது. பத்தில் ஐந்து எழும்ப எத்தனை நிமிடம் ஆனது என்பதே நம் அளவு. ஐந்து எழும்ப ஒரு கோப்பையில் 8 நிமிடமும் இன்னொன்றில் 16 நிமிடமும் ஆகியிருந்தால், 1-ஐ நிமிடத்தால் வகுத்து 0.125 என்றும் 0.0625 என்றும் எழுதினால் முதல் கோப்பை இரண்டு மடங்கு வேகம் என்று நேராகத் தெரியும்.

சோதனை முடிவானது, இனி எந்தக் காரணியை மாற்றுவது? இங்கேதான் என் மனம் திரும்பியது. எல்லாரும் வெளிச்சத்தை எடுப்பார்கள். நான் கார்பன் டை ஆக்சைடை எடுக்கச் சொல்கிறேன்.

காரணம் எளிது. வெளிச்சத்தை மாற்ற வேண்டுமானால் கோப்பைகளை வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறினால் சூடும் மாறும், நம் ஊரில் கண்டிப்பாக மாறும். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடை மாற்றுவதற்கு இடம் மாற்ற வேண்டியதில்லை. ஐந்து கோப்பைகளையும் ஒரே தட்டில் ஒட்டி ஒட்டி வைக்கலாம். மேகம் வந்தால் ஐந்துக்கும் வரும், வெயில் ஏறினால் ஐந்துக்கும் ஏறும். நம்மால் கட்டுப்படுத்த முடியாத எல்லாமே ஐந்துக்கும் பொதுவாகிவிடுகின்றன. கோப்பைக்குக் கோப்பை மாறுவது கரைத்த சோடாவின் அளவு மட்டுமே.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். தண்ணீரில் கரைந்து இலைக்குக் கார்பனைக் கொடுக்கும். பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அதில் அமிலமும் மாவும் சேர்ந்திருக்கும். தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம். அதை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 0.5 சதவீதக் கரைசல். அதிலிருந்து 40 மில்லி எடுத்து 60 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.2 சதவீதம், 20-க்கு 80 என்றால் 0.1, 10-க்கு 90 என்றால் 0.05. சோடாவே இல்லாத தண்ணீர் ஒரு கோப்பை. இந்த ஐந்தும் போதும்.

அந்தச் சோடா இல்லாத கோப்பையில்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம். வில்லைகள் எழும்பவே கூடாது அல்லது மிக மெதுவாக எழும்ப வேண்டும். எங்களுக்கோ பாதி வில்லைகள் எழும்பின. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எடுத்திருந்தோம். நிலத்தடித் தண்ணீரில் பைகார்பனேட் இயற்கையாகவே இருக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்புக் கறையும் அதன் வழி வந்ததுதான். அதாவது எங்கள் பூஜ்யம் பூஜ்யமாக இல்லை. இதற்கு வழி சொன்னது ஆச்சிதான், அவர் அறிவியலாக நினைத்துச் சொல்லவில்லை. "கெணத்துத் தண்ணி எதுக்குத்தா? அண்டாவுல மழத்தண்ணி கெடக்கு, அத எடுங்க" என்றார். இந்த வீடுகளில் நான்கு பக்க ஓடும் முற்றத்துக்குள் சரிகிற மாதிரித்தான் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் நான்கு மூலையிலும் பாத்திரம் வைத்துப் பிடித்துவிடலாம். மழைத் தண்ணீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. எல்லாக் கரைசலையும் அதிலேயே கலந்தோம். அதன் பிறகு சோடா இல்லாத கோப்பை அடங்கியது.

இந்தச் சோதனைக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். சோடாவைக் கூட்டும்போது கார்பன் மட்டும் கூடவில்லை, சோடியமும் கூடுகிறது, தண்ணீர் லேசாகக் காரத்தன்மையும் அடைகிறது. நடுவர் கேட்கலாம். அதற்கு ஆறாவதாக ஒரு கோப்பை வையுங்கள்: 100 மில்லி தண்ணீரில் 0.14 கிராம் சமையல் உப்பு. 0.2 கிராம் சோடாவில் உள்ள அதே அளவு சோடியம் இதில் இருக்கும், கார்பன் இருக்காது. நகைக் கடையில் வைத்திருக்கும் மாதிரிச் சின்னத் தராசு இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் 1.4 கிராமை 1 லிட்டரில் கரைத்து அதிலிருந்து 100 மில்லி எடுக்கலாம். உப்புக் கோப்பையில் வில்லைகள் அடியிலேயே கிடந்தால், எழுப்பியது சோடியம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். காரத்தன்மைக்கு இது பதிலாகாது, அதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

கீரையை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். சந்தையில் பாலக் கிடைக்காத நாளில் முளைக்கீரையையோ தண்டுக்கீரையையோ கலந்து வெட்டிவிடத் தோன்றும். அவை சி4 வகை. இலைக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து அடர்த்தியாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு உண்டு, அதனால் வெளியே இருக்கும் அளவு கூடிக் குறைவதற்குப் பாலக் போல அவை அசைந்துகொடுப்பதில்லை. பாலக்கும் முளைக்கீரையும் தனித்தனி வரிசையாக வைத்து ஒப்பிட்டால் அதுவே ஒரு நல்ல பதினொன்றாம் வகுப்புத் திட்டம். ஒரே வரிசையில் கலந்தால் குழப்பம். கொடிப்பசலை வேண்டாம், வழவழப்பு அதிகம்.

வெளிச்சம், நிறம், சூடு

வெளிச்சத்தைத்தான் எடுப்போம் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தால் தடுக்க வேண்டாம், முற்றத்தை விட்டுவிட்டு இரவில் உள் அறையில் எல்இடி விளக்கை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பழைய குண்டு பல்பு வேண்டாம், அது முக்கால்வாசிக்கும் மேல் சூட்டைத்தான் கொடுக்கும். விளக்குக்கும் கோப்பைக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய தட்டையான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை நிறுத்தினால் மிச்ச சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். மூன்று மடங்கென்றால் ஒன்பதில் ஒரு பங்கு. 15, 30, 45 சென்டிமீட்டரில் கோப்பைகளை வைத்துவிட்டு வரைபடத்தில் தூரத்தை அப்படியே போடக் கூடாது, இந்தப் பங்கைத்தான் போட வேண்டும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். சோடா எல்லாக் கோப்பையிலும் 0.2 சதவீதமாகவே இருக்கட்டும், வாளி காலியாக இருக்கும்போது இலை போடுகிறவர்களை எண்ணிப் பயனில்லை.

நிறத்தைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் கதவுக்கு மேலே சிவப்பு, நீலம், பச்சைக் கண்ணாடிகள் பதித்திருப்பார்கள். காலை வெயில் அவற்றின் வழியாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழும்போது பிள்ளைகளுக்கு உடனே தோன்றுகிற கேள்வி, செடிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது. 1882-ல் எங்கல்மான் என்ற ஜெர்மன் அறிவியலாளர், பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்த வெளிச்சத்தை ஒரு பாசியிழை மேல் விழவைத்து, ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் கூட்டமாகச் சேருவதைப் பார்த்தார். அவ்வளவு அழகான கேள்வி. ஆனால் கடையில் வாங்கும் வண்ணக் கண்ணாடித்தாளில் சிவப்பு ஒரு அளவு வெளிச்சத்தை விடும், நீலம் வேறு அளவு விடும், பச்சைத்தாள் கொஞ்சம் சிவப்பையும் சேர்த்தே விடும். நிறத்தை மாற்றினோம் என்று நினைக்கும்போது அளவையும் மாற்றிவிடுகிறோம். போதாக்குறைக்கு, பச்சை வெளிச்சத்தை இலை முழுவதும் திருப்பி அனுப்பிவிடுகிறது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். உண்மையில் பச்சையிலும் பெரும் பங்கை இலை உறிஞ்சிக்கொள்கிறது, மற்ற நிறங்களைவிடச் சற்றுக் கூடுதலாகத் திருப்புகிறது, அவ்வளவே. ஒரு சுற்று சோதனை செய்து கை பழகிய குழு அடுத்த வருடம் இதை எடுக்கட்டும்.

வெப்பநிலையை நான் பள்ளிக்குப் பரிந்துரைப்பதில்லை. சூடு கூடக் கூட நொதிகள் வேகமாக வேலை செய்யும், ஒரு எல்லைக்கு மேல் சரியும் என்று வரைபடம் மலை மாதிரி வர வேண்டும். ஆனால் அதே சூடு தண்ணீரில் கரைந்த வாயுவைக் குறைக்கிறது, இலையின் சுவாசத்தைக் கூட்டுகிறது, கார்பனைப் பிடிக்க வேண்டிய நொதி ஆக்சிஜனைத் தவறிப் பிடிப்பதையும் அதிகமாக்குகிறது. நாம் அளப்பது இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது. மொத்த உற்பத்தியிலிருந்து சுவாசம் தின்றது போக நிற்பதைத்தான் வில்லை காட்டும்.

அந்தச் சுவாசத்தைக் காட்டுவதற்கு மட்டும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள், ஆச்சி வீட்டில் அதுதான் எல்லாரையும் உட்காரவைத்தது. எல்லா வில்லையும் மிதக்கும் 0.2 சதவீதக் கோப்பையை எடுத்துக் கறுப்புத் துணியால் முழுவதும் மூடிவிட்டோம். ஆச்சி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மூடி வச்சா என்னத்தா ஆகும்?" என்று கேட்டார்.

"உள்ள இருக்குற ஆக்சிஜன அதுவே செலவழிச்சிரும் ஆச்சி. வெளிச்சம் இல்லாட்டி புதுசா செய்ய முடியாது" என்றாள் மூவரில் சின்னவள்.

பத்து நிமிடம் கழித்துத் துணியைத் தூக்கினால் ஒரு வில்லைதான் சரிந்திருந்தது, பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிப்போனது. மறுபடி மூடினோம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் எடுத்தபோது ஏழு அடியில் கிடந்தன, எட்டாவது பாதி வழியில் செங்குத்தாக நின்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. துணியை எடுத்து முற்றத்து ஓரத்தில் வைத்ததும் மறுபடி ஒவ்வொன்றாக எழும்ப ஆரம்பித்தன. ஆச்சி எதுவும் சொல்லவில்லை, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் எண்ணத் தொடங்கினார்.

செய்யப்போகிறவர்கள் காலை 9 மணிக்கே கோப்பைகளை வைத்துவிடுங்கள். 11 மணிக்கு மேல் தூண் நிழல் தட்டின் ஒரு பக்கம் ஏறிவிடும், அப்புறம் ஒரு கோப்பை வெயிலிலும் ஒரு கோப்பை நிழலிலும் நிற்கும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கோப்பை வைத்தால் நல்லது, மூன்றையும் தட்டில் ஒரே இடத்தில் வைக்காமல் கலைத்து வையுங்கள். கோப்பையின் அடியில் எண்ணை மட்டும் எழுதி, எதில் எவ்வளவு சோடா என்ற தாளை எண்ணாத பிள்ளையிடம் கொடுத்துவிட்டால், எண்ணுகிறவள் தனக்குப் பிடித்த கோப்பைக்குச் சாதகமாக எண்ண மாட்டாள். வெப்பமானி ஒன்றைத் தட்டின் நடுவில் இருக்கும் கோப்பையில் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதையும் எழுதச் சொல்லுங்கள்.